குறுக்கே பிடித்த கயிறு

“வட்டம் எது, சதுரம் எதுன்னு தெரிஞ்சிக்கினு ஒரு பொண்ணு இன்னாடா தம்பி பண்ணப் போவுது? சோறு சதுரமாவா வேவும்?”

இதைச் சொன்னவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. சொன்ன இடம் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டில். பெங்களூர் கன்டோன்மென்டில் ஒரு பங்களாவில் அவளுக்கு ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுகோடியில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் நடந்தே வருவாள். வந்ததும் கட்டிலில் பொத்தென்று உட்காருவாள். அந்தக் கட்டிலின் சட்டங்கள் கால்களில் செருகியிருந்த இடத்தில் தளர்ந்து போயிருந்தன. அத்தை உட்கார்ந்ததும் தலைமாட்டுச் சட்டம் ஒரு பக்கமும் கால்மாட்டுச் சட்டம் எதிர்ப்பக்கமுமாக நகர்ந்து, கட்டில் கோணிக்கொள்ளும். அம்மா உள்ளேயிருந்து வந்து, பேச்சை நிறுத்தாமலே, முழங்காலால் ஒரு மூலையை இடித்து அதை நேராக்கிவிட்டுப் போவாள். வாரம் தவறாமல் நடப்பதுதான். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அன்றைக்குப் பேச்சு என் படிப்பைப் பற்றி. நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் எட்டாவது என்ன, ஒன்றாவதில் உட்கார்ந்தவர்களே கிடையாது. பள்ளியில் தமிழும், தெருவில் கன்னடமும், பெயர்ப்பலகைகளில் இங்கிலீஷுமாக மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்க எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஒன்பதாம் வகுப்பில் விருப்பப்பாடம் எதுவென்று சொல்ல வேண்டும். ஒன்று கணக்கு, இல்லையென்றால் மனையியல். பெண்கள் அநேகமாக மனையியல்தான் எடுப்பார்கள். கணக்கு எடுக்கும் சிலருக்குச் சாயங்காலத்தில் தனி வகுப்பு. எனக்குக் கணக்கின் மேல்தான் ஆசை. அதற்கு அப்பா சரியென்று சொல்ல வேண்டும். அப்பாவோ, “பாக்கலாம், பாக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

“மனையியலு எடுத்தா கேக்கு சுட கத்துக் குடுப்பாங்களாம்,” என்றாள் அத்தை. “எங்க துரைசானி வூட்டு சின்னப் பொண்ணு சொல்லிச்சி. ஊசி, நூலு, மேஜை விரிப்பு, எல்லாம் உண்டாம். போற வூட்ல நாலு பேரு மெச்சுவாங்க. கணக்கு எடுத்தா இருட்டுனப்புறம் வூட்டுக்கு வரணும். யாரு போயி கூட்டியாறது?”

“நானே வந்துருவேன் அத்த.”

“வருவ, வருவ. சதுரத்த தலைல கவுத்துக்கினு வருவ.”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தை கெட்ட எண்ணத்தில் பேசுகிறவள் அல்ல. இரண்டு தெரு தள்ளி, படித்த பெண் ஒருத்தி வேலையும் இல்லாமல் கல்யாணமும் ஆகாமல் வீட்டுக்குள் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். என்னையும் அப்படிப் பார்க்க நேர்ந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அவள் கிண்டலாகப் பேசுவாள், அவ்வளவுதான்.

கணக்கிலும் எனக்குப் பிடித்தது ஜியாமெட்ரி. கூட்டலும் கழித்தலும் கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது, உருவம் சின்னதானாலும் பெரிதானாலும் அந்தக் குணம் மாறாது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். மாடு வைத்திருந்த ஓர் அம்மாள் காலையில் அங்கே முளையடித்து மாட்டைக் கட்டிவிட்டுப் போவாள். கயிறு எட்டும் வரை மாடு மேயும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் புல் வட்டமாக மொட்டையாகியிருக்கும். வட்டத்தின் ஓரத்தில் உள்ள எந்தப் புள்ளியும் மையத்திலிருந்து ஒரே தூரம்தான் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதியபோது, நான் அந்த மாட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். மாட்டுக்கு ஆரம் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தாலும் வட்டம் பிசகுவதில்லை.

எல்லாப் பாடமும் இப்படி விளங்கிவிடவில்லை. ‘எதிர்ப்பக்கங்கள் சமமானால் அது இணைகரம். செவ்வகத்தில் இரு மூலைவிட்டங்களும் சமம்’ என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். மூலைவிட்டம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே போகிற கோடு. அது சமமாக இருந்தால் யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. பரீட்சையில் எழுதினேன், மார்க் வந்தது.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்டோன்மென்ட் கிளப் ஒன்றில் டென்னிஸ் கோர்ட்டுகளுக்குக் கோடு போடுவது அவர் வேலை. சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒற்றைச் சக்கர வண்டியில் ஊற்றி, கயிற்றை ஒட்டி உருட்டிக்கொண்டு போவார். சக்கரம் போன வழியெல்லாம் வெள்ளையாகக் கோடு விழும். நான் சின்னவளாக இருந்தபோது அவருடைய கால் விரல்கள் எப்போதும் வெளுத்திருக்கும். எல்லா அப்பாக்களின் கால்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். துரைகள் போய் நம்மவர்கள் வந்து ஆடத் தொடங்கிய பிறகும், தலை நரைத்த பிறகும், கிளப்பில் அவருக்குப் பெயர் ‘லைன் பாய்’தான்.

கிளப்பில் அவர் கோடு போடும் முறை ஒன்று உண்டு. மழை வந்து கோடுகளைக் கரைத்துவிட்டாலும், பல வருடங்களாகச் சுண்ணாம்பு விழுந்ததில் அந்த இடத்துப் புல் மட்டும் வெளிறித் தனியாகத் தெரியும். அதன் மேல் கயிற்றைக் கட்டி வண்டியை உருட்டினால் போதும். முதல் கோட்டை யார் போட்டார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோதே கோடு இருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பின்புற மைதானத்தில் பூப்பந்து கோர்ட் போடத் தீர்மானித்தார்கள். மஞ்சள் கம்பளி நூல் பந்தை வலைக்கு மேலாக அடித்து, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம். பெங்களூரில் அப்போது காலி இடம் கிடைத்தால் பையன்கள் அதைத்தான் ஆடினார்கள். எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அண்ணன்தான் கேப்டன். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கோலார் தங்கவயலிலிருந்து ஒரு டீமை ஆட வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பூப்பந்தில் கெட்டிக்காரர்கள். அவர்கள் முன்னால் நம் கோர்ட் அரைகுறையாக இருக்கக்கூடாது என்று ஃபிட்டர் அண்ணன் அப்பாவைத் தேடி வந்தார்.

“அண்ணே, கிளப்புல போடுற மாதிரியே நமக்கும் போட்டுக் குடுத்துடுங்க. எண்பதுக்கு நாப்பது அடி. ஒங்கள வுட்டா இந்த ஏரியாவுல யாருக்குத் தெரியும்?”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மகிழ்ச்சியாக இருக்கும்போது அப்படிச் செய்வார்.

கிளப்பில் சொல்லிவிட்டு, சுண்ணாம்பு வண்டியையும் ஐம்பது அடி துணி டேப்பையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். “நெம்பரு நீ படி. உனக்குத்தான் தெரியும்,” என்றார். நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன்.

புது மைதானத்தில் வெளிறிய புல் இல்லை. பழைய கோடும் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வரிசையின் பின்சுவர் நீளமாக, நேராக ஓடியது. அதை ஒட்டி எண்பது அடிக்கு முதல் கோடு வைத்தார். அந்தச் சுவரின் ஒரு முனையிலிருந்து குழாயடிக்கு ஒற்றையடிப் பாதை போகும். எங்கள் வரிசைப் பெண்கள் குடத்தோடு நடந்து நடந்து விழுந்த பாதை. கயிறு பிடித்தது போல நேராக இருக்கும். அப்பா இரண்டாவது கோட்டை அந்தப் பாதையோடு நாற்பது அடி வைத்தார். சுவர் நேர், பாதையும் நேர், அதனால் மூலையும் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து அந்த வழியில் தண்ணீர் சுமந்தவர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு எதிர்ப்பக்கங்களை அளந்தோம். அதுவும் எண்பது, இதுவும் நாற்பது. இரண்டு முறை அளந்து, “சரியா கீதுப்பா” என்றேன். அப்பா முளைகளில் கயிறு கட்டி வண்டியை உருட்டினார். செம்மண்ணில் வெள்ளைக் கோடு விழ விழப் பார்க்க அழகாக இருந்தது. அம்மாவும் அத்தையும் பின்வாசலில் நின்று பார்த்தார்கள். துரைசானி குடும்பம் ஊட்டிக்குப் போயிருந்ததால் அத்தை அந்த வாரம் எங்களோடுதான் இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் முதல் ஆட்டம். கொஞ்ச நேரத்திலேயே சச்சரவு வந்துவிட்டது. பின்மூலையில் நின்ற பையன், “கோர்ட்டு என்ன வுட்டு ஓடுதுடா” என்றான். அந்தப் பக்க மூலை நீண்டுகொண்டே போவது போலவும் இந்தப் பக்க மூலை நெருக்குவது போலவும் இருந்தது. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். ஃபிட்டர் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு இரும்புக் கைகள் செங்கோணமாகச் சேர்ந்த மூலைமட்டத்தை எடுத்து வந்தார். மூலையில் கோட்டோடு ஒட்டி வைத்தார். ஒரு கை கோட்டின் மேல் படிந்தது. இன்னொரு கைக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. மூலையை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்த இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது.

“இன்னாண்ணே,” என்றார் அவர், சிரித்துக்கொண்டுதான், “கிளப்புல துரைங்கல்லாம் சாஞ்சிக்கினேதான் ஆடுவாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மூலைமட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தங்கவயல்காரங்க வந்தா மானம் போயிடும்ணே. வோணும்னா நம்ம ஃபேக்டரில ஒரு மேஸ்திரி கீறாரு, அவர இட்டாந்துடறேன்.”

“இட்டா,” என்றார் அப்பா. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசலில் வண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் சக்கரத்தைக் கழுவினார். சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா காப்பி வைத்தாள், குடிக்கவில்லை. அத்தைக்கும் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “டேப்பு புடிச்சது படிச்ச பொண்ணுதானே. அதுவும் சரின்னுதானே சொல்லிச்சி,” என்றாள். யாரையும் குத்த நினைத்துச் சொல்லவில்லை. தம்பி ஒருவனே பழி சுமக்க வேண்டாம் என்று சொன்னாள் போல. ஆனால் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நாலு பக்கமும் அளந்தோமே பாப்பா. எண்பது, எண்பது. நாப்பது, நாப்பது. அப்புறம் எப்படி கோணும்?”

நான் டேப்பை விரித்து எண்களை மறுபடி பார்த்தேன்.

“அளந்ததெல்லாம் சரி, ஆனா போட்டது கோணலுன்னா, அந்த அளவுல இன்னா கீது? அந்தக் கணக்குல இன்னா கீது?” கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்து போய்ச் சொன்னார். “அத்த சொல்றதையே கேட்டுக்கோ. மனையியலே எடு.”

எத்தனையோ நாளாகத் தள்ளிப்போட்ட பதிலை அவர் இப்படிச் சொல்லிவிட்டார். நான் உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். இருந்தும் எங்கே தப்பு நடந்தது என்று அதில் தெரியவில்லை. வாசலுக்குத் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என் தலையைத் தடவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் கோணிக்கொண்டது. அம்மா வந்து முழங்காலால் மூலையை இடித்தாள். கட்டில் நேரானது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அம்மா, மறுபடியும் கோணலாக்கு,” என்றேன்.

“இன்னாடி?”

“தள்ளும்மா, அந்தப் பக்கமா.”

அவள் தள்ளினாள். கட்டில் கோணியது. நான்கு சட்டங்களும் அதே சட்டங்கள்தான். கோணும்போது எதுவும் நீளவில்லை, எதுவும் குறையவில்லை. மாறியது மூலைகள் மட்டும். இரண்டு எதிர்மூலைகள் கிட்டே வந்தன, மற்ற இரண்டும் விலகிப் போயின. எங்கள் கோர்ட்டும் கோணிய கட்டில்தான். பக்கங்களை எத்தனை முறை அளந்தாலும் அது சரியென்றுதான் சொல்லும். கேட்க வேண்டியது குறுக்குக் கோட்டை. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம். யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்காமல் விட்ட வரி அதுதான்.

அம்மாவின் புடவை ஒன்று கொடியில் கிடந்தது. அதைச் சுருட்டி, கட்டிலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போட்டேன். மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதையே பிடித்தேன். முடிச்சு எட்டவில்லை.

“அப்பா, இங்க வந்து பாரேன்.”

அவர் ஈரக் கையோடு வந்தார். நான் பாடத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதி வாக்கியத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கட்டிலை அவரே ஒருமுறை கோணலாக்கினார், ஒருமுறை நேராக்கினார். பிறகு மைதானத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ குழாயடிப் பாதை…” என்றார்.

“இன்னா, நாங்க போற பாதை கோணலா?” என்றாள் அம்மா. அவளுக்கு உண்மையிலேயே வருத்தம்.

மறுநாள் விடிந்ததும், அப்பா கிளப்புக்குப் புறப்படும் முன், நால்வரும் மைதானத்துக்குப் போனோம். நான்கு மூலைக்கு நான்கு பேர் வேண்டியிருந்தது. அத்தை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, “நான் எங்க நிக்கணும்னு சொல்லு. நின்னா நின்னதுதான், அப்புறம் நவுரச் சொல்லாத,” என்றாள். நகர வேண்டியவளே அவள்தான் என்று சொன்னதும், “வயசான காலத்துல என்ன பூப்பந்து ஆட வச்சிட்டாங்க,” என்று முணுமுணுத்தபடி போய் நின்றாள்.

அப்பா கிணற்றுக் கயிறு கொண்டு வந்திருந்தார். அவருடைய மூலையிலிருந்து அத்தையின் மூலைக்குக் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டோம். அதே கயிற்றை என் மூலையிலிருந்து அம்மாவின் மூலைக்கு இழுத்தோம். முடிச்சு முளையைத் தாண்டி இரண்டு முழத்துக்கு மேல் போய் விழுந்தது. அப்பா அந்த முடிச்சைக் குனிந்து பார்த்தார். முந்திய நாள் மூலைமட்டத்தைப் பார்த்த முகம் இல்லை அது.

சுவரோரக் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டோம். அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் அப்பாவும் நானும். எதிர்க்கோட்டில் நின்ற அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக நகர வேண்டும். பக்கக் கயிறுகள் தொய்யவும் கூடாது, நீளவும் கூடாது. “அண்ணி, கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… போதும்,” என்று அம்மா சொல்ல, “என்னைய நவுத்தறதுல உனக்கு இம்மாம் குஷியா?” என்று அத்தை கேட்டாள். மாடு கட்ட வந்த அம்மாள் முளையும் கையுமாக நின்று, “ஏனு மாடுத்தா இத்தீரி?” என்று, என்ன செய்கிறோம் என்று விசாரித்தாள். “கட்லு நெட்டக மாடுத்தா இத்தீவி” என்று அம்மா கன்னடத்திலேயே சொன்னாள், கட்டிலை நேராக்குகிறோம் என்று. அந்த அம்மாள் வெறும் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தூரத்தில் போய் மாட்டைக் கட்டினாள்.

ஏறக்குறைய இரண்டடி நகர்ந்த பிறகு, இரண்டு குறுக்கும் ஒரே முடிச்சில் நின்றன.

அப்பா முளைகளை இறுக்கி அடித்தார். நான் அதற்குள் தரையில் குச்சியால் கணக்குப் போட்டிருந்தேன். எண்பதின் வர்க்கத்தையும் நாற்பதின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து. “இப்போ கயித்த டேப்புல அளந்து பாருப்பா. எண்பத்தொம்போது அடி, அஞ்சு அங்குலம், அதுக்கு மேல ரெண்டு நூல் மூணு நூல் வரணும்,” என்றேன்.

அவர் கயிற்றைத் தரையில் நீட்டி, டேப்பை இரண்டு முறை வைத்து அளந்தார். எண்ணைப் படிக்க என்னைக் கூப்பிட்டார். படித்துச் சொன்னேன்.

“கயிறு இழுக்கறதுக்கு முன்னாடியே இது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா.”

அவர் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். பழைய கோடுகளை நானும் அம்மாவும் துடைப்பத்தால் பெருக்கிக் கலைத்தோம். புதுக் கோட்டை அவர் போட்டார். வண்டியை அவ்வளவு மெதுவாக அவர் உருட்டி நான் பார்த்ததில்லை. இந்த முறை அவருக்கு வழி காட்டப் பழைய கோடு எதுவும் இல்லை. முதல் கோடே அவருடையதுதான்.

காலையில் நாங்கள் கோடு போட்டதைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் ஃபிட்டர் அண்ணன் மேஸ்திரியோடு வராமல் தனியாக வந்தார். அப்பாவைக் கண்டதும் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்போல. மூலைமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எங்கும் இடைவெளி இல்லை. “ஏண்ணே, நேத்து நான் சும்மா தமாசுக்குத்தான்…” என்று இழுத்தார்.

“தமாசு இருக்கட்டும். கோணலா இருந்திச்சில்ல? கோணல்தான்,” என்றார் அப்பா. “குறுக்க புடிச்சிப் பாத்திருக்கணும். எம் பொண்ணுதான் சொல்லிச்சி.”

ஞாயிற்றுக்கிழமை தங்கவயல்காரர்கள் வந்து ஆடி, நம்மவர்களை நன்றாகத் தோற்கடித்துவிட்டுப் போனார்கள். கோடுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா ஆட்டம் முழுக்கச் சுவரோரமாக நின்றார். பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழும்போதெல்லாம் அவர் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை, கோட்டையே பார்த்தார்.

பள்ளி திறக்கிற நாள் வந்தது. அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அன்று காலை என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளி வாசலில் இறங்கியதும், மணியை ஒருமுறை சும்மா அடித்துவிட்டுச் சொன்னார்:

“கணக்குன்னே சொல்லிடு. சாயங்காலம் நான் கிளப்புலேந்து வர்ற வழிதான். கேட்டாண்ட நில்லு.”

‘யாரு போயி கூட்டியாறது?’ என்ற அத்தையின் கேள்விக்கு அவர் யோசித்து வைத்திருந்த பதில் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடியும் வரை, மழை நாளிலும், அவர் அந்தக் கேட்டில் வந்து நின்றார். அவர் சட்டையில் எப்போதும் சுண்ணாம்பு வாசனை அடிக்கும்.

கட்டிலுக்கும் ஒரு வழி பிறந்தது. முக்கோணத்தின் மூன்று பக்கத்தின் நீளமும் மாறாமல் இருந்தால் அதன் மூலைகள் அசையவே அசையாது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், அப்பா ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னக் கட்டையைக் குறுக்கே வைத்து ஆணியடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வழக்கம் போலப் பொத்தென்று உட்கார்ந்தாள். கட்டில் அசையவில்லை. அவள் எழுந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். “இன்னாடா இது, செத்துப் போச்சா கட்டிலு?” என்றாள். அம்மா பழக்கதோஷத்தில் முழங்காலை நீட்டிக்கொண்டு வந்து, இடிக்க எதுவுமில்லாமல் நின்றாள்.

அத்தை இன்றைக்கும் முழுதாக மாறிவிடவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்தா இதையா அரச்சி வப்ப?” என்றுதான் கேட்டாள். ஆனால் அவளுடைய பங்களாவில் புதிதாக வந்த சமையல்காரரிடம், ‘எங்க தம்பி பொண்ணு கயிற வச்சே மைதானத்த நிமுத்திடும்’ என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சமையல்காரர் ஒருநாள் வழியில் என்னைப் பார்த்து, “நீதானா அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் டிரேசராக இருக்கிறேன். வரைபடக்காரர்கள் போட்ட படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அதில் தெரியும் கோடுகளின் மேல் மையால் போக வேண்டும். எங்கள் அறையில் பெண்களும் சிலர் இருக்கிறோம். என் கை நடுங்குவதில்லை என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் பேனாவை ஓட்டும்போது சில நாள் அப்பா நினைவுக்கு வருகிறார். முன்பே இருக்கும் கோட்டின் மேல் வண்டியை உருட்டுகிற அதே வேலைதான் இதுவும். வெற்றுத் தாளில் முதல் கோட்டைப் போடுகிறவர் வேறொருவர். அவருக்குப் பெயர் டிராஃப்ட்ஸ்மன். நான் பார்த்தவரையில் எல்லாரும் ஆண்கள்.

போன திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. டிராஃப்ட்ஸ்மன் படிப்புக்கான மாலை வகுப்புக்குப் போனேன். போன மாதமே அதில் சேர்ந்துவிட்டிருந்தேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வகுப்புக்கென்று நான் வைத்திருந்த டி-ஸ்கொயரை, அந்த ‘T’ வடிவ அளவுகோலை, அத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்து, “சதுரத்த தலைல கவுத்துக்கினு வருவன்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்றாள். வகுப்பில் எனக்கு ஒரு பலகையும் ஒரு வெற்றுத் தாளும் கொடுத்தார்கள். முதலில் தாளைச் சுற்றி ஓரக்கோடு போடச் சொன்னார்கள். போட்டேன். பிறகு பென்சிலால் மெலிதாக, மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடுகள் இழுத்து அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவற்றை அழித்துவிட்டு மையைத் தொட்டேன்.